ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது கொடுங்கள்

வங்கித் தேர்வுக்கும் ஒன்றிய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் பயிற்சி மையம் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

புது பேட்ச் தொடங்கிய மையம் ஒன்றில் கொடுத்த வொக்காபுலரி மெட்டீரியல் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 30 நாளில் 3000 சொல். இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழில் ஒற்றைச் சொல்லில் பொருள், எல்லாம் அகரவரிசையில். வாக்கியம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இது அந்த ஒரு மையத்தோடு நிற்கிற வழக்கமில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

அந்தத் தாளில் அபேட், அலீவியேட், அஸ்வேஜ், கர்டெய்ல், மிட்டிகேட் ஆகிய ஐந்துக்கும் எதிரே ஒரே பொருள்தான் இருக்கிறது: 'குறை'. மாணவர் அப்படியே மனப்பாடம் செய்கிறார். தேர்வில், நள்ளிரவுக்குப் பிறகு புயல் தணிந்தது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. கோடிட்ட இடத்துக்குக் கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் இந்த ஐந்திலிருந்து எடுத்தவை. அவர் என்ன செய்வார்? நான்குமே 'குறை'தானே!

உண்மையில் இவை ஐந்தும் ஐந்து இடத்தில் புழங்குபவை. புயலும் வெள்ளமும் காய்ச்சலும் தாமாகத் தணிந்தால் அபேட். அபாயத்தின், பேரிடரின் கடுமையை முன்யோசனையோடு குறைத்தால் மிட்டிகேட். வலிக்கும் வறுமைக்கும் அலீவியேட். 2017 வரை ஒன்றிய அரசில் நகர்ப்புற வறுமைக்கென்று இருந்த அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. செலவையோ உரிமையையோ வெட்டிச் சுருக்கினால் கர்டெய்ல். பயத்தையும் குற்றவுணர்வையும் ஆற்றுவது அஸ்வேஜ். தமிழில் 'தணிந்தது' வேறு, 'தணித்தது' வேறு என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்கிறோம்.

எஸ்.எஸ்.சி.யில் இன்றும் சினானிம் (ஒத்த சொல்), ஆன்டனிம் (எதிர்ச்சொல்) நேரடியாக வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் நிலையில், ஆங்கிலத்துக்கான அதே 25 கேள்விக்குள் பத்தியின் கோடிட்ட இடங்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டும் வருகிறது. சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 போய்விடும். வங்கித் தேர்விலோ சொல்லைப் பெரும்பாலும் வாக்கியத்துக்குள் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பொருள் தெரிந்தும் இடம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர், ஒன்றுமே தெரியாமல் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனவரைவிடப் பின்தங்குகிறார்.

அடுத்தது அகரவரிசை. தேடிப் பார்க்கிற அகராதிக்கு அது சரி, படித்து மனதில் நிறுத்துவதற்கு ஆகாது. பிராடிகல், பிரடிஜஸ், பிராடிஜி மூன்றும் அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன. ஒன்று ஊதாரி, ஒன்று பிரம்மாண்டம், ஒன்று அசாத்தியத் திறமையுள்ள குழந்தை. ஒரே நாளில் மூன்றையும் படித்தால் மூன்றும் கலங்கிவிடும். பொருளால் ஒரே வகையைச் சேர்ந்த சொற்களைக் கூட்டமாக ஒரே நாளில் புகட்டினாலும் இதே கதிதான். மொழி கற்றல் ஆய்வாளர் தாமஸ் டிங்கம் 1993லேயே சோதித்து எழுதிய விஷயம் இது. முதல் சொல் நிலைத்து ஒரு வாரமாவது ஆன பிறகு அடுத்ததைக் கொடுங்கள்.

பட்டியலின் தவறுகளையும் சொல்லாமல் விட முடியவில்லை. 'நொட்டோரியஸ்' என்றால் புகழ்பெற்ற என்று போட்டிருக்கிறது. கெட்டதற்குப் பேர்போனவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். இதை நம்பி ஒரு மாணவர் விஞ்ஞானி ஒருவரை நொட்டோரியஸ் என்று எழுதினால் பழி யாருக்கு? 'இன்' முன்னால் வந்தால் எதிர்ப்பொருள் என்று ஒரு சூத்திரம் வேறு. டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் இன்ஃப்ளேமபிள் தீப்பற்றாதது என்று நினைத்து யாரும் பக்கத்தில் பீடி பற்றவைக்காமல் இருக்க வேண்டும். உச்சரிப்பிலும் பிழை: எபிட்டமியை 'எபிடோம்' என்றும் ஹைப்பர்பலியை 'ஹைப்பர்போல்' என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். நடுப்பக்கத்தில் மையத்தின் பெயர் வாட்டர்மார்க்காகக் கொட்டை எழுத்தில் கிடப்பதால் அதன் அடியில் மாட்டிய சொற்களைப் படிக்கவே முடியவில்லை. அவற்றிலாவது தவறு இருக்காது என்று நம்புவோம்.

தேர்ச்சி பெற்ற ஒரே மாணவரின் படம் மூன்று மையங்களின் ஃப்ளெக்ஸில் சிரிக்கிற ஊர் இது. ஃப்ளெக்ஸுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைப் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கினால் என்ன? மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம்.

3000 சொல் வேண்டாம். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953ல் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் சுமார் 2000 சொற்கள்தான். எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு புழங்குகிறது என்பதையும் எடுத்துக்காட்டோடு கொடுத்தார். கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்தபோது 570 சொற்குடும்பங்களே தேறின. முதலில் இவற்றை முடியுங்கள். பிறகு உங்கள் தேர்வின் பழைய வினாத்தாள்களில் வந்தவற்றைச் சேருங்கள்.

நாளுக்குப் பத்துச் சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், அது பெயரா வினையா என்ற குறிப்பு, எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், பாராட்டா பழிப்பா. மாணவரை அட்டையின் ஒரு பக்கத்தில் கோடிட்ட வாக்கியத்தையும் மறுபக்கத்தில் சொல்லையும் எழுதவையுங்கள். அட்டைகளை ஐந்து அறையுள்ள பெட்டியில் போட்டு, சரியாகச் சொன்னதை அடுத்த அறைக்கு நகர்த்தி, தவறியதை முதல் அறைக்கே திருப்ப வேண்டும். முதல் அறையை தினமும், கடைசி அறையை மாதம் ஒருமுறையும் எடுத்தால் போதும். ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது; பழைய செருப்புப் பெட்டியும் அட்டைத் தடுப்பும் தவிர வேறு செலவில்லை. உச்சரிப்பைத் தமிழில் அச்சிடுவதை விட்டுவிட்டு, அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த பேட்ச் தொடங்குவதற்குள் முதல் வாரத்துத் தாளையாவது இப்படித் திருத்தித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வாக்கியம் சேர்த்தால் பக்கம் கூடும், ஜெராக்ஸ் செலவு ஏறும் என்றால் தாராளமாகச் சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் சிலர்