ஐசியூவில் சத்தமில்லாமல் கிடப்பவரையும் பாருங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்து வைத்தியசாலைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், அவற்றுக்குப் பொறுப்பான நிருவாகத்தினருக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தாதி. ஐசியூவில் ஒரு இரவுக் கடமை ஆளை எப்படிப் பிழிந்தெடுக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் வேலைப்பளுவோடு இன்னொன்றைச் சேர்க்கச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். இருந்தாலும் கேட்கிறேன். ஒவ்வொரு கடமை மாற்றத்தின்போதும் ஒவ்வொரு நோயாளிக்கும் டெலிரியம், அதாவது கடும் நோயில் மூளை திடீரென்று குழம்பிப்போகும் நிலை, இருக்கிறதா என்று சோதியுங்கள். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எழுதுகிற அதே தாளில் அதையும் எழுதுங்கள்.

குழாயைப் பிடுங்குபவரையும் கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பவரையும் யாரும் தவறவிடுவதில்லை. தவறிப்போவது ஒரு தொல்லையும் தராமல் கிடப்பவர். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், திரும்ப மூடிக்கொள்வார். சாப்பாடு வேண்டாம், பேச்சும் இல்லை. வயதானவர்களிடம் டெலிரியம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது.

என் அக்கா ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிருமித் தொற்று ஏறி ஐசியூவில் இருந்தார். போய்ப் பார்த்த நேரமெல்லாம் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். "அம்மா நல்ல அமைதி, ஒரு கரைச்சலும் இல்லை" என்றார்கள். வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் அக்கா வாய் திறந்தார். "வெளியில சுற்றிவளைப்பு நடந்ததடி. அசைஞ்சால் கண்டிடுவாங்கள் எண்டு மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டனான்" என்றார். மெஷின்கள் கூவுவதெல்லாம் அவருக்கு வேறு சத்தமாகக் கேட்டிருக்கிறது. இந்த மண்ணில் ஐம்பது வயது தாண்டியவர் எவருடைய மூளை குழம்பினாலும் உள்ளே பங்கரும் ஷெல்லும்தான் திரும்பி வரக்கூடும். அமைதி என்று குறிப்பெழுதப்பட்ட அந்த நாட்களில் அக்கா பயத்தில் உறைந்திருந்தார். அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இது படுத்து எழும்பினால் போய்விடும் சின்ன விஷயமும் இல்லை. 2004இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் டெலிரியம் வந்தவர்களில் 34 வீதமானோர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். வராதவர்களில் அது 15 வீதம். 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் 821 பேரில் 74 வீதமானோருக்கு வைத்தியசாலையில் இருந்தபோது டெலிரியம் வந்தது. எத்தனை கூடுதலான நாள் அது நீடித்ததோ, ஒரு வருடம் கழித்தும் அவர்களின் நினைவும் சிந்தனையும் அந்தளவு மோசமாக இருந்தன. இவ்வளவு பாதிப்புக்கும் டெலிரியம் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிறுநீரகம் பழுதாவதைத் தினமும் இரத்தம் எடுத்துப் பார்க்கும் நாம், மூளை தடுமாறுவதை மட்டும் பார்க்காமல் விடுவதற்கு நியாயம் கிடையாது.

சோதிக்கும் முறை புதிதல்ல, 2001 முதல் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. வாயில் குழாய் இருப்பவர்கூடத் தலையசைத்துப் பதில் சொல்லலாம். திடீரென்று மாறினாரா, நிலை ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கிறதா, விழிப்பு சரியாக இருக்கிறதா, யோசனை ஒழுங்காக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. கவனத்தைப் பார்க்க பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து, 'ஏ' வரும்போது கையை அழுத்தச் சொல்வார்கள். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்த ஒரு ஆச்சியிடம் அதைக் கேட்பது சரியா? யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடம் எங்கள் பேச்சுக்கு ஏற்றபடி இதைச் சோதித்து ஒரு தாளாகத் தர வேண்டும். சிங்களம் பேசும் தாதி கடமையில் இருந்தாலும் வாசிக்கும்படி சிங்கள எழுத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். யோசனையைப் பார்க்கும் கேள்விகளில் கஷ்டமே இல்லை. "கல்லுத் தண்ணியில மிதக்குமோ? கடலில மீன் இருக்குதோ?" குருநகர் ஐயா ஒருவர் இதற்குத் தடுமாறினால் உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டியதுதான்.

கண்டுபிடித்த பிறகு முதல் வேலை ஊசி போடுவதல்ல, காரணத்தைத் தேடுவது. புதிய தொற்று, ஒட்சிசன் குறைவு, சோடியம் இறங்கியது, சீனி இறங்கியது, சிறுநீர் அடைப்பு, பல நாளாகப் போகாத மலம், சொல்லத் தெரியாத வலி. அப்புறம் நாமே கொடுக்கும் மருந்துகள். நித்திரைக்கென்று போடும் மிடாசோலம் டெலிரியத்தைக் கூட்டும். தோல் அரிப்புக்கும் தடிமனுக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் பிரிட்டோன்கூட வயதானவர்களைக் குழப்பும். ஹலோபெரிடோல் போட்டால் குழப்பம் சீக்கிரம் தெளியும் என்ற நம்பிக்கையும் 2018இல் 566 பேரில் நடந்த ஒரு பரிசோதனையில் நிற்கவில்லை. கையைப் பண்டேஜால் கட்டிலோடு கட்டுவது பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆள் போதாத இரவில் ஏன் கட்டுகிறார்கள் என்று தெரியும். ஆனால் கட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் இழுப்பார்.

உதவுகிறவை பெரும்பாலும் செலவில்லாதவை. மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் பையில் கட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சுவரில் பெரிய மணிக்கூடும் தமிழ்க் கலண்டரும் வேண்டும். இரவில் விளக்கைக் குறையுங்கள், அவசரமில்லாத உடம்பு துடைப்பை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் 104 பேரில் நடந்த ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போதே மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பி உட்காரவைத்து, உடற்பயிற்சி கொடுத்தவர்களுக்கு டெலிரியம் பாதியாகக் குறைந்தது, 4 நாளிலிருந்து 2 நாளுக்கு.

குடிப்பவர்கள் விஷயம் வேறு. சாராயமோ கள்ளோ தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கத்தோடு குழப்பம் வரும். அவருக்கு மிடாசோலம் வகை மருந்துகள்தான் சிகிச்சை, தயமின் என்ற விற்றமினும் வேண்டும். மற்றவர்களுக்கு ஆகாதது இவருக்கு உயிர்காக்கும். வெட்கப்பட்டு வீட்டார் மறைக்கும் விஷயம் இது. ஆகவே மனைவியைத் தனியாக அழைத்து, குற்றம் சொல்லாத குரலில் கேளுங்கள்.

கடைசியாக வீட்டார். பல இடங்களில் எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பிரேசிலில் 36 ஐசியூக்களில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், உறவினர் நெடுநேரம் இருந்ததால் மட்டும் டெலிரியம் குறையவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கிருமித் தொற்றும் கூடவில்லை, உறவினரின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. நான் ஒருவரையாவது உள்ளே விடச் சொல்வது வேறு காரணத்துக்காக. நேற்றுவரை அவர் எப்படி இருந்தார் என்று உங்களில் யாருக்கும் தெரியாது, மகளுக்குத் தெரியும். "அப்பா இப்படி இருக்கிற ஆளில்லை" என்று அவள் சொன்னால் அதைத் தாளில் எழுதுங்கள்.

அந்த மகளுக்கு விளக்கமும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஊரில் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள், செய்வினை என்று நூல் கட்ட அழைத்துப்போவார்கள். அறளை வருடக்கணக்கில் மெல்ல வரும், இது மணித்தியாலங்களில் வந்தது, அனேகமாகத் தெளியும், தெளிந்த பிறகும் சில மாதம் மறதி இருக்கலாம் என்று இரண்டு வசனம் போதும். வீட்டுக்கு அனுப்பும் துண்டிலும் "டெலிரியம் இருந்தது" என்று எழுதிவிடுங்கள், அடுத்த கிளினிக்கில் பார்க்கும் வைத்தியருக்கு அது தேவைப்படும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, ஒரேயொரு பிரிவிலாவது மூன்று மாதம் செய்து பார்க்கும்படி கேட்கிறேன். தாதியருக்குச் சோதனையைப் பழக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
மானிப்பாய்.