வயலுக்கும் வேண்டும் தொழிலாளர் ஆய்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி வட்டத்தில் ஐந்து ஏக்கர் நஞ்சையில் நெல் சாகுபடி செய்து வருகிறேன். அதில் மூன்று ஏக்கர் குத்தகை நிலம். தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவோர் பெரும்பாலும் தொழிற்சங்கத்தினராகவோ அதிகாரிகளாகவோ இருக்கிறார்கள். நான் கூலிக்கு ஆள் வைப்பவன். என் வயலில் நடந்த ஒன்றுக்கு நானும் பொறுப்பு என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

போன சம்பாவில், கார்த்திகை மாதம் மழை விட்டிருந்த ஒரு நாள், இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க எங்கள் ஊர்க்காரர் ஒருவரை அழைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மருந்தடிப்புக்கு டேங்க் கணக்கில்தான் கூலி. பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, வாயைச் சுற்றி ஒரு துண்டை மட்டும் கட்டியபடி அவர் காலையிலிருந்து சேற்றில் நடந்தார். எட்டாவது டேங்க் கலக்க வரப்புக்கு வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது, கண்மணி இரண்டும் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்தபடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். பணியிலிருந்த மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே அட்ரோபின் என்னும் நஞ்சு முறிவு ஊசியைத் தொடங்கிவிட்டார். ஆனாலும் அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து அடித்தீர்கள் என்பதுதான். கடையில் சொன்ன கம்பெனிப் பெயரைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. புட்டி வரப்பிலேயே கிடந்தது. என் மகன் திரும்பப் போய் அதை எடுத்துவர முக்கால் மணி நேரமாயிற்று. நான்காம் நாள் மருந்தடித்தவர் வீடு திரும்பினார்.

அன்றிரவு அந்தப் புட்டியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். லேபிளில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை என்னும் வரிசையை, இத்தனை ஆண்டுகள் மருந்து வாங்கியிருந்தும் அன்றுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். புட்டியோடு வந்த துண்டுத்தாள் தீப்பெட்டி அளவுக்கு மடிக்கப்பட்டிருந்தது. பல மொழிகளுக்கு நடுவே தமிழும் இருந்தது. கண்ணாடி போட்டும் எழுத்துக்கூட்டத்தான் முடிந்தது. கையுறை, முகமூடி, காலணி, காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, உடம்பில் பட்டால் செய்ய வேண்டியது என எல்லாம் அதில் இருந்தன. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் 1971இல் வந்த விதிகளும் மருந்தைக் கையாளுவோருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்றே சொல்கின்றன. அந்த விதிக்கும் எங்கள் வரப்புக்கும் இடையே யாரும் நடந்து வந்ததில்லை.

இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. வேளாண் துறையில் பூச்சிக்கொல்லி ஆய்வாளர் இருக்கிறார். அவர் கடையின் உரிமத்தையும் சரக்கின் தரத்தையும் பார்க்கிறார். தொழிலாளர் துறைக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கடைகளையும் ஆலைகளையும் பார்க்கிறார்கள். உயிர் போனால் காவல்துறை வரும். உயிர் போகாமல், வயலில் ஒரு மனிதன் நஞ்சேறி விழுந்தால், அது ஏன் நடந்தது என்று கேட்கவும் அடுத்த முறை நடக்காமல் இருக்க வழி சொல்லவும் ஒருவரும் இல்லை. மருத்துவமனைச் சீட்டில் எழுதியதோடு அது முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் இது குறித்து உலக அளவில் என்ன ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இல் தொடங்கப்பட்டபோதே இந்தியா அதன் உறுப்பினர். தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் எண் உடன்படிக்கை 1947இல் நிறைவேறியது. விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகளில், 1949 ஏப்ரலில், நம் நாடு அதற்கு ஏற்புறுதி அளித்தது, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டது. முன்னறிவிப்பு இல்லாமல், பகலோ இரவோ, பணியிடத்துக்குள் நுழையும் உரிமையை ஆய்வாளருக்கு அளிக்கும் உடன்படிக்கை அது. ஆனால் அது தொழிற்சாலை போன்ற இடங்களுக்கானது. வணிக நிறுவனங்கள் பற்றிய இரண்டாம் பகுதியையும் விலக்கிவிட்டே இந்தியா ஏற்றது. விவசாயத்தில் தொழிலாளர் ஆய்வுக்கெனத் தனியாக 129ஆம் எண் உடன்படிக்கை 1969இல் வந்தது. விவசாயத்தில் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 184ஆம் எண் உடன்படிக்கை 2001இல் வந்தது. இவ்விரண்டையும் இந்தியா ஏற்கவில்லை. கென்யா 1979இலேயே 129ஐ ஏற்றிருக்கிறது.

1969 என்ற ஆண்டு டெல்டாக்காரர்களுக்கு மறக்க முடியாதது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் 44 உயிர்கள் தீயில் கருகின. அதை அடுத்துத்தான், 1969இல், கிழக்குத் தஞ்சைக்கென விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வயலில் வேலை செய்பவருக்கு என்ன கூலி என்பதில் அரசு தலையிடலாம், அதற்கு அதிகாரி ஒருவர் இருக்கலாம் என்பதை இந்த மண் அப்போதே ஏற்றுக்கொண்டது. கூலியைக் கேட்க அதிகாரி வரலாம் என்றால், கூலிக்காரரின் உடம்பைக் கேட்கவும் ஒருவர் வரலாம்தானே?

கடந்த 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கிய சட்டம் இது. பொதுவாகப் பத்துத் தொழிலாளர் இருக்கும் இடங்களிலிருந்துதான் அது தொடங்குகிறது. மருந்தடிக்க வருபவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். நடவுக்கு இருபது பேர் வந்தாலும் அவர்கள் எனக்கு ஒரு நாள், அடுத்த வயலுக்கு ஒரு நாள்; வெளிமாநில நடவு ஆட்களாக இருந்தால் அழைத்து வரும் மேஸ்திரி யார் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. பத்துப் பேர் என்னும் கணக்கு எங்கள் வரப்பை எட்டுவதில்லை.

ஆய்வு என்றதும் என் சக விவசாயிகள் பயப்படுவார்கள். நோட்டீஸ், அபராதம், அலைச்சல் என்றுதான் நமக்குப் பழக்கம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் 129ஆம் எண் உடன்படிக்கை ஆய்வாளருக்குத் தரும் வேலைகளில், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தொழில்நுட்பத் தகவலும் ஆலோசனையும் வழங்குவதும் ஒன்று. விரும்பும் நாடு, வெளியாளை வேலைக்கு வைக்காத குத்தகைதாரரையும் வாரச் சாகுபடிக்காரரையும் கூட அந்த ஆய்வின் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம் என்கிறது. அரசு ஆய்வாளர்களுக்குத் துணையாகத் தொழிலாளர், விவசாயி அமைப்புகளின் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு. டெல்டாவில் சங்கம் இல்லாத ஊர் குறைவு. இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

என் தங்கை மகன் சிங்கப்பூரில் கட்டடப் பணியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அங்கே கட்டடத் தொழிலாளி பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து தேறியாக வேண்டும் என்றும், தான் அதைத் தமிழிலேயே படித்ததாகவும் சொன்னான். இடுப்புப் பட்டையின் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். "மாமா, இங்கே கையுறைகூட இல்லாமல் எப்படி மருந்து கலக்கச் சொன்னீங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சிங்கப்பூரிலும் விபத்துகள் நடக்கின்றன. 2022இல் இறப்புகள் கூடியபோது, செப்டம்பர் முதல் அடுத்த மே வரை சிறப்புக் கண்காணிப்புக் காலம் என்று அறிவித்து அரசு நெருக்கடி கொடுத்தது. அந்த நாடு பணியிடப் பாதுகாப்புக்கான 187ஆம் எண் உடன்படிக்கையை 2012இலும் 155ஆம் எண் உடன்படிக்கையை 2019இலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பிள்ளைகள் அக்கரையில் தமிழில் கற்கும் பாதுகாப்புப் பாடத்தை, அவர்களுடைய தகப்பனார்கள் இங்கே கற்க வழியில்லை.

இலங்கையைப் பாருங்கள். கோடியக்கரைக்கு எதிர்க்கரை, அங்கேயும் நெல்தான். மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய மருந்தை அவர்கள் 1995இலேயே தடை செய்தார்கள். அதனால் அங்கே நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை. இந்தியா அதன் 36 சதவீதக் கரைசலைக் கைவிடும் ஆணையைப் பிறப்பித்தது 2023இல். ஆபத்தான வேதிப்பொருள்களின் வணிகத்தில் நாடுகள் தகவல் பகிர்ந்துகொள்வதற்கான ராட்டர்டாம் உடன்படிக்கையில் நாம் 2005இலேயே சேர்ந்துவிட்டோம். பகிரப்பட்ட தகவல் டெல்லிக்கு வந்து சேர்கிறது. கடைத்தெரு வரை வர இன்னும் எத்தனை ஆண்டுகள்?

சுமை விஷயத்தில் ஓரளவு முன்னேற்றம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் 75 கிலோ மூட்டையை ஒரே ஆளாகத் தலைக்கு ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். தனியாள் தூக்கும் சுமைக்கு வரம்பு வேண்டும் என்னும் 127ஆம் எண் உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றது. அதனுடன் வந்த பரிந்துரை ஆண்களுக்கு 55 கிலோ என்று எல்லை வைக்கிறது. ஒரு நாளில் எத்தனை சிப்பம், எவ்வளவு உயரத்துக்கு மூட்டை அடுக்கும் அட்டி, அது சரிந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.

மருந்தடிப்பவர் ஏன் மறுப்பதில்லை என்று கேட்பவர்கள் டெல்டாவின் வேலைநாள் கணக்கைப் பார்க்க வேண்டும். பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் வந்த பிறகு அறுவடைக் கூலி போயிற்று. ஆண்களுக்கு மிஞ்சிய சில வேலைகளில் மருந்தடிப்பு ஒன்று. டேங்க் கணக்கு என்பதால் ஓய்வெடுத்தால் கூலி குறையும். ஆகவே கை கழுவாமலே அடுத்த டேங்கைக் கலக்குகிறார்கள். வேலைவாய்ப்புக் கொள்கைக்கான 122ஆம் எண் உடன்படிக்கையையும் இந்தியா 1998இல் ஏற்றிருக்கிறது. அதன்கீழ் வகுக்கப்படும் எந்தக் கொள்கையும், கிடைக்கும் வேலை ஆளைத் தின்கிறதா என்பதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிதான். நான் இந்தப் பருவத்திலிருந்து நாள் கூலியாக மாற்றிவிட்டேன். எனக்குச் செலவு கூடத்தான் செய்கிறது.

பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் அடிப்படை உரிமை என்று 2022 ஜூனில் ஜெனீவாவில் அறிவித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் நம் நாடும் உறுப்பினர். தொடர்புடைய உடன்படிக்கைகளுக்கு ஏற்புறுதி அளிக்காத நாடுகளுக்கும் அந்தக் கொள்கையை மதிக்கும் கடமை உண்டு. 129ஐயும் 184ஐயும் ஏற்பது மத்திய அரசின் கையில் இருக்கிறது. நம் தொகுதி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இதை ஒரு முறையேனும் எழுப்ப வேண்டும். ஆனால் அதுவரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. வட்டத்துக்கு ஒரு வேளாண் அலுவலருக்கும் ஒரு தொழிலாளர் துறை அலுவலருக்கும் கூட்டாக இந்தப் பொறுப்பைத் தரலாம். மருந்தடிப்பவர்களுக்குக் குறுவைக்கு முன்பே ஒரு நாள் பயிற்சியும் கையுறையும் முகக்கவசமும் கொடுக்கலாம். மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு மருந்து நஞ்சேற்றத்தையும், அது வேலையில் நேர்ந்ததா என்று குறித்து அந்த அலுவலர்களுக்குத் தெரிவிக்கச் செய்யலாம். பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இதே அரசு 2024இல் ஆக்கியது. இதையும் அப்படி ஆக்க முடியும்.

தங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேளாண் பக்கத்தில் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று வெளியிடும்போது, அந்த மருந்தின் முக்கோணம் என்ன நிறம், மயக்கம் வந்தால் புட்டியையும் உடன் கொண்டுபோக வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் அதே எழுத்தளவில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வயலில் விழுந்தவருக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
நெல் சாகுபடியாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.