வெள்ளைச் சட்டை இளைஞர்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு

ஓரெம், யூட்டா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதும், பேத்திக்குச் சென்னையிலேயே கல்லூரி அமைந்துவிட்டது என்பதும் மனதுக்கு நிறைவாக இருந்தன. இங்கே மகளும் மருமகனும் நலம். நல்ல முருங்கைக்காய் கிடைக்கவில்லை என்பதைத் தவிர எனக்கும் குறையொன்றுமில்லை.

நடைப்பயிற்சியின்போது வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திய இரண்டு வெளியூர் இளைஞர்கள் உங்களுக்குத் தமிழில் வணக்கம் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் யார், படிக்க வேண்டிய வயதில் இப்படி ஊர் சுற்றுகிறார்களே, இதெல்லாம் மூளைச் சலவைதானே என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்த்து அனுப்பும் ஊரிலேயே நான் இப்போது குடியிருப்பதால், என் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் சபையின் முழுப் பெயர். மார்மன் என்று அழைப்பதை விட்டுவிட்டு அந்த முழுப் பெயரையே சொல்ல வேண்டும் என்று அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். எங்கள் தெருவிலேயே பலருக்கு அந்தப் பழைய பழக்கம் விடவில்லை என்பதால் நானும் கலந்தே எழுதுகிறேன். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கிய சபை இது. தேவதூதர் காட்டிய பொற்தகடுகளில் பழங்கால அமெரிக்க மக்களின் வேதம் எழுதப்பட்டிருந்தது என்றும், இறைவனின் துணையால் அதை மொழிபெயர்த்தேன் என்றும் சொல்லி அவர் அச்சிட்டதே மார்மன் புத்தகம். 1844-இல் இல்லினாய் மாநிலத்துச் சிறை ஒன்றில் புகுந்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. அதன் பிறகு பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கே புறப்பட்டவர்கள் 1847 ஜூலையில் இங்கே யூட்டா மாநிலத்தில் உள்ள உப்பேரிப் (சால்ட் லேக்) பள்ளத்தாக்கை வந்தடைந்தார்கள். பலதார மணத்தை 1890-இல்தான் கைவிட்டார்கள் என்பதும், கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் தருவதில்லை என்ற விதியை 1978 வரை விடாமல் பிடித்திருந்தார்கள் என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்தவையே. பொற்தகட்டுக் கதையை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குத் தொல்லியல் சான்று துணை நிற்கவில்லை என்பதை வரலாறு கற்பித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் கேள்வி அந்தப் பையன்களைப் பற்றியது. தகடுகளைப் பற்றியது அன்று.

நீங்கள் பார்த்தவர்கள் இந்தச் சபையின் போதனையைப் பரப்பப் போகும் ஊழியர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மூத்த மகன் 2022-இல் இந்த ஊழியத்துக்குப் போய் 2024-இல் திரும்பினான். இது தகுதியுள்ள ஒவ்வோர் ஆணுக்கும் கடமை என்றும், பெண்கள் விரும்பினால் போகலாம் என்றும் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் 19 வயதில் போவது வழக்கமாக இருந்தது. 2012-இல் அதை 18 ஆக்கினார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது என்பதோடு, மாதம் 500 டாலர் வீதம் அவர்களோ குடும்பமோதான் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பையன் சிறு வயதிலிருந்தே தெருவில் பாதி வீடுகளின் புல்லை வெட்டினான். எங்கள் வீட்டுப் புல்லும் அதில் சேர்த்தி. எந்த நாட்டுக்குப் போவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. தலைமை முடிவு செய்து கடிதம் அனுப்பும். பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஸ்பானிய மொழி படித்த இவனுக்கு ஜப்பானில் ஃபுக்குவோக்கா என்று வந்தது. சுற்றமெல்லாம் கூடியிருந்து கடிதத்தைத் திறந்த அந்த மாலையில், அது எங்கே இருக்கிறது என்று அவன் தாத்தா என்னிடம் வந்து கேட்டார்.

மொழிப் பயிற்சி ப்ரோவோவில் உள்ள மையத்தில் நடந்தது. இங்கிருந்து காரில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஜப்பானிய மொழி என்பதால் ஏறத்தாழ ஒன்பது வாரம். அவன் தாய் வேலைக்குப் போகும் வழியில் அந்த வளாகத்தைக் கடந்துதான் தினமும் போனார். உள்ளே இருக்கும் மகனைப் போய்ப் பார்ப்பதற்கு மட்டும் விதியில் இடமில்லை. இரண்டு வருடப் பிரிவில் அவரை அதிகம் வருத்தியது கடல் கடந்த தொலைவு அன்று, இந்தக் கால் மணி நேரத் தொலைவுதான் என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானில் அவனுடைய நாள் இப்படிப் போயிருக்கிறது. காலை 6.30 மணிக்கு எழுந்து ஜெபம், உடற்பயிற்சி, சிற்றுண்டி. பின் தனியாக வேத வாசிப்பு, துணையோடு சேர்ந்து வாசிப்பு, மொழிப் பாடம். முற்பகலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் இரவு 9 மணிக்கு மேல்தான் அறைக்குத் திரும்புவது; 10.30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். திரைப்படம் இல்லை, நாவல் இல்லை, நீச்சல் இல்லை, காதல் அறவே இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் விடுவார்கள். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேசலாமாம். 2019-இலிருந்து வாரம் ஒரு முறை பேச அனுமதித்திருக்கிறார்கள். அங்கே திங்கள் காலை என்றால் இங்கே ஞாயிறு மாலை. ஞாயிறு மாலைகளில் அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை என்பது எங்கள் தெருவில் எழுதாத விதியாகிவிட்டது.

கதவைத் தட்டினால் திறப்பவர்கள் குறைவு. திறப்பவர்களும் தலை வணங்கி மிக மரியாதையாக மூடிவிடுவார்களாம். வாரம் ஒரு முறை அவர்கள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்குத்தான் ஆட்கள் வந்தார்கள், அதுவும் ஆங்கிலத்துக்காக. வீட்டுக்குள் அழைத்துப் போகிறவர்கள் முதலில் கொடுப்பது பச்சைத் தேநீர். தேநீர், காபி, மது, புகையிலை நான்கையும் விலக்க வேண்டும் என்பது 1833-இல் அறிவுரையாக வந்து பின்னர் கட்டாயமாகிவிட்ட ஒழுக்க விதி. வறுத்த பார்லியில் இறக்கிய பானம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக் குடித்துப் பிழைத்தான். (உங்கள் ஊர் இளைஞர்களை என்றாவது வீட்டுக்கு அழைத்தால், காபி கொடுத்து அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தாமல் மோர் கொடுங்கள்.) இரண்டு வருடத்தில் அவன் மூலம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருவர். அந்த நாட்டுக் கணக்கில் அது மோசமில்லை என்கிறான். 1901-இல் ஹீபர் கிராண்ட் என்பவர் அங்கே ஊழியத்தைத் தொடங்கி வைத்தார். 1924-இல் அதை மூடும் வரை, இருபத்து மூன்று வருடங்களில், சேர்ந்தவர்கள் 166 பேர்தான். அந்த ஹீபர் கிராண்டே பின்னாளில் சபைக்குத் தலைவரானார் என்பதை இந்தப் பையன் ஒருவித ஆறுதலோடு சொல்வான்.

இவை எல்லாவற்றையும்விட அவனுக்குக் கடினமாக இருந்தது எது தெரியுமா? துணை. இந்த ஊழியர்கள் எப்போதும் இருவர் இருவராகவே இருக்க வேண்டும். ஒருவர் மற்றவரின் கண்பார்வையிலும் காதெட்டும் தூரத்திலும் இருந்தாக வேண்டும். குளியலறையைத் தவிர வேறெங்கும் தனிமை கிடையாது. யாரோடு யார் என்பதையும் மேலிடம்தான் முடிவு செய்யும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றங்கள் வரும், மாறாமலும் இருக்கலாம். நாகசாகியில் அவனுக்கு வாய்த்த துணை ஐடஹோ மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பையன். பேச்சு குறைவு, பாத்திரம் கழுவுவதில்லை, காலையில் எழுப்பினால் முகம் சுளிப்பான். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த நம் பையன், நாள் முழுவதும் பொறுமையைப் பற்றி அந்நியர்களுக்குப் போதித்துவிட்டு, இரவில் பக்கத்துப் படுக்கைக்காரனை வெறுத்தபடி படுத்திருந்ததாகச் சொன்னான். நம் அடியார்களெல்லாம் ஊர் ஊராகத் தனியே அலைந்து பாடியவர்கள் என்றே நினைத்துப் பழகிய எனக்கு, பிடிக்காத ஒருவனோடு கட்டிப்போட்டுப் பக்தியைப் பழக்கும் இந்த முறை முதலில் விபரீதமாகத்தான் பட்டது.

அந்த நாகசாகியில்தான் ஆங்கில வகுப்புக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். மார்மன் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு வாக்குறுதி உண்டு: இதைப் படித்துவிட்டு, இது உண்மைதானா என்று கடவுளிடம் உள்ளன்போடு கேட்கிறவனுக்குப் பரிசுத்த ஆவி அதை வெளிப்படுத்தும் என்பது. ஊழியர்கள் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான். எங்களை நம்ப வேண்டாம், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்பார்கள். பெரும்பாலோர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. இந்த ஆசிரியரோ ஜப்பானிய மொழிபெயர்ப்பை முதலிலிருந்து கடைசி வரை பென்சிலால் குறிப்பெழுதிப் படித்து, சொல்லிக் கொடுத்தபடியே தினமும் காலையில் ஜெபமும் செய்திருக்கிறார். சில வாரங்கள் கழித்து வந்து, எதுவும் நிகழவில்லை, உங்களுக்கு ஏமாற்றம் தருகிறேன், மன்னிக்க வேண்டும் என்று அவர்தான் இவர்களிடம் தலை வணங்கினாராம். இன்னும் திறந்த மனதோடு கேட்டுப் பாருங்கள் என்பதே இதற்குச் சொல்ல வேண்டிய வழக்கமான பதில். தாத்தா வயதில் இருப்பவர் செய்து முடித்த அத்தனை வேலைக்குப் பிறகு அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. மதத்தடைக் காலத்தில் குருமார் யாரும் இல்லாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கிறிஸ்தவத்தை ஒளித்துக் காத்து, 1865-இல் ஓவுரா தேவாலயத்தில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்ட மக்களின் ஊர் அது. அவர்களுக்கு மட்டும் தினமும் பதில் வந்திருக்குமா என்று அந்த ஆசிரியரே பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு, தனக்கு மட்டும் அந்தப் பதில் எப்போது வந்தது என்று நம் பையன் யோசித்துப் பார்த்தபோது, சிறு வயதிலிருந்து மாதந்தோறும் உபவாச ஞாயிறுகளில் பெரியவர்கள் தங்கள் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லக் கேட்டுக் கேட்டு, தானும் அதையே சொல்லி வந்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது என்றான். பேச வேறு ஆள் இல்லாததால் ஐடஹோப் பையனிடம் அதைச் சொல்லியிருக்கிறான். நெடுநேரம் மௌனமாக இருந்த அவன், எனக்கும் இதுவரை வந்ததில்லை, அதனால்தான் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றானாம். அதற்குப் பிறகு அந்த அறையில் பாத்திரம் யார் கழுவுவது என்ற சண்டை வரவில்லை. மறுநாளும் 6.30-க்கு எழுந்தார்கள், ஆசிரியரின் வீட்டுத் தோட்டத்தில் களை எடுத்துக் கொடுத்தார்கள், ஆங்கிலம் நடத்தினார்கள்.

ஐடஹோப் பையன் ஊழியத்தை முடிக்காமலே ஊர் திரும்பிவிட்டான். பாதியில் திரும்பி வருகிறவர்களை இவர்கள் ஊரில் வாய்விட்டு யாரும் ஏசுவதில்லை. ஆனால் வழியில் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் விலகிப் போவார்கள். பெண் பார்க்கும் இடங்களிலும் அந்தக் கேள்வி எழும். எனக்கு இந்த முறையில் உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான். 18 வயதுப் பிள்ளையைக் கேள்விகள் முளைக்கும் முன்பே பதில்களோடு அனுப்பிவிட்டு, கேள்வியோடு திரும்பி வந்தால் ஓரம் கட்டுவது என்ன நியாயம்?

நம் பையன் முழுக் காலத்தையும் முடித்து வந்தான். திரும்பிய பின் ஒரு ஞாயிறு ஆராதனையில் பேசுவது வழக்கம் என்பதால் அண்டை வீட்டார் என்ற முறையில் நாங்களும் போயிருந்தோம். ஆசிரியரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னான். அப்படியானால் இப்போது நம்புகிறாயா என்று கேட்டேன். நம்புகிறேன் என்றான், தயக்கமில்லாமல். அந்தப் பதில் வந்துவிட்டதா என்று கேட்டதற்கு இல்லை என்றும் அதே தயக்கமின்மையோடு சொன்னான். தினமும் எழுந்து செய்ய வேண்டியதைச் செய்கிறேன், என்னைச் சுமந்த ஒருவனுக்கு நானும் சுமை தாங்கியாக இருக்க முடிந்தது, அதைக் கடவுளின் வேலை என்று எண்ணுவதை என்னால் நிறுத்த முடியவில்லை என்றான். ஆகவே மூளைச் சலவையா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது: வளர்ப்பிலே அதன் சாயல் இருக்கிறது, மறுக்கமாட்டேன், ஆனால் சலவை செய்யப்பட்ட மூளை அந்தத் திண்ணைப் பேச்சைப் பேசியிருக்காது. மாதந்தோறும் அந்த ஆசிரியருக்கு ஜப்பானிய மொழியில் கடிதம் எழுதுகிறான். அவர் பிழை திருத்தி அனுப்புகிறார். ஐடஹோவுக்கும் போய் வருகிறான்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. அவன் இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறான். நான் சென்னைக்காரன் என்றதும் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற பெயரைச் சொன்னான். ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், உப்பேரிப் பள்ளத்தாக்கில் 1849-இல் தம் வீட்டிலேயே ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். 1852 ஆகஸ்டில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக 1853-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அதே மாநாட்டில்தான் பலதார மணக் கொள்கையையும் பகிரங்கமாக அறிவித்திருந்தார்கள். செய்தி அவருக்கு முன்பே கப்பலேறியிருந்தால் பாதிரிமாரும் துரைமாரும் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மிகச் சிலரே சேர்ந்தார்கள். ஒரு வருட அளவில் அவர் திரும்பிவிட்டார். ஆனால் போவதற்குள் 1854-இல் சென்னையிலேயே ஒரு மாத இதழும் சில துண்டு நூல்களும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ அந்த இதழின் பிரதி எதுவும் இருக்கிறதா, எந்த அச்சகத்தில், எந்தத் தெருவில் அச்சானது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ஆய்வுக் கட்டுரைக்கு அவன் கேட்கிறான். அவசரமில்லை, முழங்கால் இடம் கொடுக்கும்போது போய்ப் பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சக ஆசிரியன்