டெனர் வரிசையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆர்ட் கார்ஃபங்கல் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. கோயில் கொயரில், அதாவது பாடகர் குழுவில், இருபது வருஷமாக டெனர் பாடுகிறவன் நான். நாலு குரலாகப் பிரித்துப் பாடும்போது ஆண்களின் மேல் குரல்தான் டெனர், பாட்டின் மெட்டு பெரும்பாலும் வேறு குரலிடம் இருக்கும். கல்யாண வீடுகளில் யாராவது "கோயில்ல பாடுவீங்களே, ஒண்ணு பாடுங்க" என்று கேட்டால் முழிப்பேன். என் பார்ட்டை மட்டும் தனியாகப் பாடினால் அது என்ன பாட்டு என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அதனால்தான், 'சைமன் அண்ட் கார்ஃபங்கல்' என்று சேர்ந்து பாடிய உங்கள் ஜோடியில், பாட்டுகளை எழுதிய பால் சைமனுக்கு எழுதாமல், கூடப் பாடிய உங்களுக்கு எழுதுகிறேன். பாட்டு எழுதியவருக்குக் கடிதம் போட ஆள் நிறைய இருக்கிறது.

1981 செப்டம்பர் 19, சனிக்கிழமை சாயங்காலம், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நீங்களும் சைமனும் சேர்ந்து பாடிய கச்சேரியின் வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை. அதில் முதல் நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். மேயர் எட் காச் வருகிறார், உங்கள் இரண்டு பேர் பெயரைச் சொல்கிறார், போய்விடுகிறார். பேச்சே கிடையாது (எங்கள் ஊர் மேடைகளில் இது நடக்காத காரியம்). பக்கத்துக் கதவு வழியாக நீங்கள் இருவரும் நடுவுக்கு வருகிறீர்கள், ஒருவரையொருவர் பார்த்துக் கை குலுக்குகிறீர்கள். கட்டிப்பிடிக்கவில்லை. 1953இல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' பள்ளி நாடகத்தில் சைமன் வெள்ளை முயல், நீங்கள் செஷயர் பூனை. அவ்வளவு பழைய சிநேகம். 1970இல் பிரிந்தபின் ஒன்றிரண்டு முறை சேர்ந்து பாடியதும் உண்டு. ஆனாலும் அந்தக் கைகுலுக்கல், பாகப்பிரிவினை முடிந்து பத்திர ஆபீஸ் வாசலில் சந்தித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. பாசமும் இருக்கிறது, கணக்கும் தீரவில்லை.

5 லட்சம் பேர் கூடினார்கள் என்கிறார்கள். மாநாட்டுக் கூட்டக் கணக்குகளைக் கேட்டு வளர்ந்தவன், இந்த எண்ணையும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன். டிக்கெட் கிடையாது. டிவி, வீடியோ உரிமையிலிருந்து வரும் பணத்தில் ஒரு பங்கு பூங்காவைச் சீர்செய்யப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 70களில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போய், பூங்காவைப் பராமரிக்கக் காசில்லாமல், கிரேட் லான் என்ற அந்தப் பெரிய புல்வெளியே புழுதிக்காடாகிக் கிடந்தது. அதைக் காப்பாற்ற அதன் மேலேயே அத்தனை லட்சம் கால்களை இறக்கிவிட்டது நல்ல வேடிக்கைதான்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஒத்திகை மூன்று வாரம் நடந்தது, அதில் நீங்கள் ஒரு விஷயத்தில் தோற்றீர்கள். பழையபடி இரண்டு குரல், ஒரு கிட்டார், அவ்வளவே போதும் என்றீர்கள். சைமனுக்கு விரலில் கோளாறு, முழுக் கச்சேரியையும் ஒற்றைக் கிட்டாரில் வாசிக்க முடியாது. தனியாகப் போன பத்து வருஷத்தில் அவர் எழுதிய பாட்டுகளுக்குப் பித்தளை வாத்தியங்களும் வேண்டும். கடைசியில் 11 பேர் கொண்ட பேண்ட் வந்தது. ஸ்டீவ் கேட், கிரேடி டேட் என்று டிரம்ஸுக்கே இரண்டு பேர். அருமையான வாசிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேண்ட் அடங்கும் இடங்களில் எல்லாம், நீங்கள் கேட்டதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

உங்களை விட்டுப் போனபின் சைமன் எழுதிய பாட்டுகளுக்குள் நீங்கள் உங்களுக்கான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'அமெரிக்கன் ட்யூன்' அதில் ஒன்று. 1973இல் அவர் தனியாகப் பாடி வெளியிட்டது. அதை முதலில் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அந்த ராகம் எனக்குத் தெரியும். எங்கள் கோயில் பாட்டுப் புத்தகமான பாமாலையில் 'இரத்தம் காயம் குத்தும்' என்று தொடங்கும் பாட்டு அது. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியான ஆராதனையில், வெள்ளை உடுப்பில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நாங்கள் நாலு பார்ட்டில் பாடுவது. 1601இல் ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டு. அப்புறம் சிலுவைப் பாட்டுக்குப் போய், இசையமைப்பாளர் பாக் அதை எடுத்துக் கையாண்டு, மிஷனரிகளோடு தமிழுக்கும் வந்து, கடைசியில் களைத்துப்போன அமெரிக்கர்களைப் பற்றிய பாட்டாகிவிட்டது.

அது நாலு குரலுக்கு ஏற்ற ராகம். சைமனின் தனிப் பதிவில் எனக்கு எப்போதும் ஒரு பக்கம் காலியாகவே கேட்கும். பூங்காவில் நீங்கள் சேர்ந்துகொள்ளும்போதுதான் அது நிரம்புகிறது. அத்தனை பெரிய கூட்டம் அமைதியாக இருக்கிறது. உங்கள் குரல் அவர் குரலுக்கு மேலே ஏறி உட்காரவில்லை. நிழல் மாதிரி ஒட்டியே போகிறது, சொல் முடிகிற இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு. வருஷக்கணக்காக டெனர் பாடுகிறவனுக்குத்தான் தெரியும், சொல்லின் கடைசி எழுத்தைச் சேர்ந்து முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. எங்களில் ஒருவர் 'ம்'மை எப்போதும் அரை நொடி இழுத்துவிடுவார்.

நீங்கள் இல்லாத ஒரு பாட்டும் அன்று இருந்தது. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் அந்தப் பூங்காவின் மேற்கு ஓரத்துக் கட்டிட வாசலில் சுடப்பட்டு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றிய பாட்டைச் சைமன் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மேடையேறி, உன்னோடு பேசணும் என்று அவரை நோக்கி ஓடி வருகிறான். காவலர்கள் அவனை இழுத்துப் போகிறார்கள். சைமன் பின்வாங்கி நின்றுவிட்டுப் பாட்டை முடிக்கிறார். பக்கத்தில் ஒரு குரல் இருந்திருக்கலாமே என்று அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சேர்ந்து ஊர் ஊராகப் போனீர்கள், சேர்ந்து ஒரு ஆல்பமும் ஆரம்பித்தீர்கள். சைமன் அதிலிருந்து உங்கள் குரலை அழித்துவிட்டு, 1983இல் தன் பெயரில் மட்டும் வெளியிட்டார். அவர் பாட்டு, அவர் உரிமை. இருந்தாலும் அழிக்கப்பட்ட அந்த டெனர் பார்ட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறுவதில்லை. 2024இல் நீங்கள் இருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சந்தித்ததையும், நீங்கள் அழுததையும் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். படித்தேன், சந்தோஷம்.

ஒரே ஒரு கேள்வி. எங்கள் கொயர் மாஸ்டர் ஆர்கனில் ஒரு விரலால் தட்டி, "டெனர், இதுதான் உங்க நோட்டு" என்று காட்டுவார். அந்த மூன்று வார ஒத்திகையில் 'அமெரிக்கன் ட்யூன்' எடுத்த அன்று, உங்களுக்கு யாராவது தட்டிக் காட்டினார்களா, இல்லை சைமன் பாடப் பாட நீங்களே கண்டுபிடித்துக்கொண்டீர்களா?

இப்படிக்கு,
ஒரு டெனர்