சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை

அன்புள்ள கயல்,

போன வாரம் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினபோது, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி அறை எதற்கென்று கேட்டாய். அப்பா குறுக்கே பேசினதில் பதில் சொல்லாமல் விட்டுப்போச்சு.

வீட்டு வேலை செய்கிற பெண் தங்குவதற்குக் கட்டின அறை அது. கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. ஜன்னல் துணிக்கொடியைப் பார்த்து இருக்கிறது. ஒட்டினாற்போல ஒரு கக்கூஸ், ஷவர் அதற்கு நேர் மேலேயே. இந்தக் கம்பீனாஸ் நகரத்தில் பழைய அடுக்குமாடி பலவற்றில் இப்படித்தான். லிஃப்ட்டும் இரண்டு, ஒன்று நமக்கு, ஒன்று வேலைக்கு வருகிறவர்களுக்கு. 1888ல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையானவர்களுக்கு நிலமும் கொடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. கறுப்பினப் பெண்கள் நிறையப் பேருக்குக் கிடைத்தது மறுபடியும் அதே சமையல்கட்டுதான்.

இந்த ஊரில் லாவ்டெலினா டி காம்போஸ் மெலோ என்று ஒரு அம்மா இருந்தார். 1904ல் பிறந்தவர், ஏழு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். 1936ல் சாந்தோஸ் துறைமுக நகரத்தில் வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கென்று சங்கம் ஆரம்பித்தார். நாட்டிலேயே அதுதான் முதல். அதிபர் வர்காஸின் சர்வாதிகார ஆட்சியில் அதை மூடினார்கள். பின்னால் கம்பீனாஸுக்கு வந்தவர், சமையலுக்கு வெள்ளைக்காரப் பெண்தான் வேண்டும் என்று வந்த விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, பத்திரிகை அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டார். 1961ல் இங்கேயும் சங்கம் வைத்தார். இன்னொன்று சொன்னால் உனக்குப் பிடிக்கும். 1957ல் நகராட்சி நாடக அரங்கில் கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்காகப் பெரிய நடன விழா நடத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு ஆடுகிற விழா மாதிரியே! உரிமை கேட்கிறவர் அழகையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார் பார். 1991ல் போகும்போது சொந்த வீட்டைச் சங்கத்துக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சட்டம்தான் ஆமை வேகம். 1943ல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தபோது வீட்டு வேலையை வெளியே நிறுத்திவிட்டார்கள். 1972ல்தான், வேலையை முறையாகப் பதிகிற அட்டையில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தது. 1988 அரசியல் சாசனத்தில் குறைந்தபட்சக் கூலி, வார விடுமுறை. அந்தச் சாசனத்தை எழுதின சபையில் பெனெடிட்டா டா சில்வா உட்கார்ந்திருந்தார். ரியோவின் குன்றுச் சேரியில் வளர்ந்தவர், தானே வீட்டு வேலை பார்த்தவர், பின்னால் செனட்டர், 2002ல் ரியோ மாநில ஆளுநர். ஆனால் 1988 சாசனத்திலும் எட்டு மணி நேர வேலை என்கிற வரம்பு மட்டும் கிடைக்கவில்லை. அது 2013ல்தான் அரசியல் சாசனத் திருத்தமாக வந்தது, அதை நாடாளுமன்றக் கீழவையில் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர் இதே பெனெடிட்டா. கணக்குப் போட்டால் சாந்தோஸ் சங்கத்திலிருந்து 77 வருஷம்.

இப்போது நம் வீட்டுக் கதை. இங்கே வேலைக்கு வருகிற அம்மாவுக்கு முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் காபி வைத்தேன். எடுத்துக்கொண்டு போய் சிங்க் பக்கத்தில் நின்று குடித்தார். உன் பாட்டி வீட்டுக் கொல்லையில் கவிழ்த்துவைத்திருந்த தனி டம்ளர் ஞாபகத்துக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போது உட்காருகிறார், நாற்காலி நுனியில்.

2015 சட்டப்படி ஒரே வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் வந்தால் அவர் முறையான ஊழியர். விடுமுறை, பதின்மூன்றாவது மாதச் சம்பளம், சேமநிதி எல்லாம் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் என்றால் அன்றன்றைய கூலியோடு சரி. நம் வீட்டுக்கு அவர் திங்கள், வியாழன் வருகிறார். லாவ்டெலினாவைப் பற்றி உனக்கு இவ்வளவு எழுதின கையால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று அப்பாவிடம் சனிக்கிழமையும் வரச் சொல்லலாமா என்று கேட்டேன். கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அன்புடன்,
அம்மா