எரிந்த பற்றைக்காட்டுக்கு மரக்கன்று வேண்டாம், வேலிக்குத் தாருங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

மன்னார்ப் பெருநிலத்தில் கோயில் காணியாகக் கிடக்கும் 12 ஏக்கர் பற்றைக்காடு இந்தச் சோளகத்தில் (தென்மேல் காற்று வீசும் வறண்ட காலத்தில்) எரிந்துவிட்டது. செய்தி கொழும்புக்கு வந்ததும் பலர் மரக்கன்று வாங்கித்தர முன்வந்தீர்கள். நன்றி. ஆனால் கன்றுக்கென்று காசு வாங்குவதில்லை எனக் குழு தீர்மானித்துள்ளது. காரணத்தைச் சொல்லிவிட்டே உதவி கேட்கிறோம்.

கரிந்து நிற்பதெல்லாம் செத்துவிடவில்லை. புல்லிலும் சருகிலும் பிடித்த தீ வேகமாக ஓடிவிடும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே மண் பெரிதாகச் சுடாது. அடிக்கட்டையைச் சுற்றி அவ்வளவு ஆழத்துக்கு மண்ணை விலக்கி, பட்டையை நகத்தால் சுரண்டினால் தெரியும். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலந்தை, சூரை, களா எல்லாம் கட்டையிலிருந்தே துளிர்க்கும். விடத்தல் இன்னும் கெட்டிக்காரி. பக்கவேர்களிலிருந்து அங்கங்கே குருத்துவிடும். ஆவாரைக்கும் உடைமரத்துக்கும் மண்ணுக்குள் விதை கிடக்கிறது. அதன் கெட்டித்தோலில் சூடு பட்டுக் கீறல் விழுந்தால் மாரியின் முதல் மழைகளுக்கே முளைவிடும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். இந்தத் துளிர்கள் வேரில் சேர்ந்திருக்கும் மாப்பொருளைக் கொண்டே வளர்கின்றன. வங்கிச் சேமிப்பைப் போல, இலை விரிந்து திரும்பப் போடும்வரை இருப்புக் குறைந்துகொண்டே போகும். ஆடு ஒருமுறை கடித்தால் மறுபடி துளிர்க்கும். திரும்பத் திரும்பக் கடித்தாலோ, அடுத்த சோளகத்தில் மீண்டும் எரிந்தாலோ கட்டை பட்டுப்போகும். பிறகு அந்த இடத்தைக் கினிப்புல்லும் உன்னிச்செடியும் சீமைக்கருவேலமும் பிடித்துக்கொள்ளும். ஆளுயரக் கினிப்புல் காய்ந்து நின்றால் அடுத்த தீ இதைவிடக் கொடியதாக வரும்.

கொழும்பில் ஆண்டுக்கு 2,300 மி.மீ.க்கு மேல் மழை. மன்னாரில் 1,000 மி.மீ. அளவுதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்து தீர்ந்துவிடும். இங்கே பையில் தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த கன்று அங்கே பங்குனி வெயிலைத் தாண்டாது. பையிலுள்ள எருவோடு களை விதையும் போய்ச் சேரும். ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில் அவுஸ்திரேலிய வேளாண் அறிஞர் டோனி ரினாடோ 1980களில் தொடக்கிவைத்த முறையும் இதுதான்: கன்று நடாமல், கட்டைகளில் வந்த துளிர்களைத் தெரிந்தெடுத்துக் காத்தே சுமார் 50 இலட்சம் ஹெக்டேயரில் மரம் திரும்பியது.

டோசர் விட்டுத் துப்புரவாக்கித் தருகிறோம் என்ற உதவியையும் மறுத்துவிட்டோம். டோசர் அடிக்கட்டையையும், விதை கிடக்கும் மேல்மண்ணையும் சேர்த்தே வாரிவிடும். தீயணைக்க டோசர் ஓடிய கீற்றிலும், விறகுக் குவியல் நாட்கணக்கில் புகைந்த இடங்களிலும்தான் உண்மையில் ஒன்றும் முளைக்காது. அங்கே மட்டும் ஆவாரை, உடை விதைப்போம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, விதையின் ஐந்து மடங்கு அளவு ஊற்றி இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். ஊதிய விதை விதைக்க. ஊதாததை இன்னொருமுறை ஊறவைக்க. அடுப்பில் வைத்தே அவித்தால் முளை செத்துவிடும்.

இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 14 இலட்சம் ரூபா வேண்டும். காணியைச் சுற்றி 900 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போட வேண்டும். மாரி முடிய ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை என ஆண்டுக்கு இருதடவை. இரண்டு ஆண்டுக்கு 252,000. ஒருவர் ஒரு நாளில் 50 மீற்றர் செதுக்குவார், கூலி 3,500. ஊர்ப்பக்கம் 300 மீற்றருக்குத் தூணும் நான்கு வரி முட்கம்பியும் போட 320,000. கம்பி மட்டும் ஆட்டைத் தடுக்காது. கீழிரண்டு வரிக்கு அலம்பல் (முட்கொப்பு) கட்டி, பொட்டு (ஆடு நுழையும் இடைவெளி) விழ விழ அடைக்க வேண்டும். மற்றப் பக்கங்களில் குளக்கட்டும் வயலும். அறுவடை முடிந்ததும் வயலில் விடும் மாடுகள் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அதனால் ஐப்பசி முதல் பங்குனிவரை ஒரு காவலாள்: மாதம் 40,000, இரண்டு ஆண்டுக்கு 480,000. களை பிடுங்க 280,000. உன்னியையும் சீமைக்கருவேலத்தையும் நிலமட்டத்தில் வெட்டினால் ஒன்று நாலாகும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டித்தான் அறுக்க வேண்டும். கூலி கூடுவது இதனால்தான். விதை, கருவிகளுக்கு 68,000.

பொருளாகத் தர விரும்புவோர் மண்வெட்டி, தடித்த தோல் கையுறை, கொப்பு வெட்டும் கத்தரி தரலாம். பணத்தைக் குழு உறுப்பினரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலக்கமிட்ட 100 கட்டைகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்ற எண்ணிக்கையைச் செலவுக் கணக்கோடு சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவோம். துளிர் வருமுன் வேலி நிற்க வேண்டும் என்பதால் அந்த 320,000 ரூபா புரட்டாதி முடியுமுன் கையில் இருக்க வேண்டும். மீதி தவணையாக வந்தாலும் சமாளிப்போம்.

நிதிக்குழு,
வெள்ளவத்தை, கொழும்பு 06