மனநல ஆலோசனைக்கு நூறு கிலோமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளையொட்டி நாளிதழ்களில் வரும் மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் 'தயங்காமல் மனநல ஆலோசகரை அணுகுங்கள்' என்ற வரியில் முடிவதைக் கவனித்து வருகிறேன். அந்த வரியில் பிழை ஏதும் இல்லை. ஆட்டோவில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஆலோசகரை மனத்தில் வைத்து அது எழுதப்படுகிறது என்பதுதான் என் குறை. இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டத்தில், ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராகப் பணிபுரியும் நானும் என் மனைவியும் எங்கள் மகனுக்காகத் தயங்காமல் அணுகியவர்கள்தாம். அணுகிய பிறகு நேர்ந்ததைத் தங்கள் வாசகர்களும், முடிந்தால் சுகாதாரத் துறையினரும் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்த என் மகனால் இரண்டு ஆண்டுகளாகக் கை கழுவுவதை நிறுத்த முடியவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாள்களில் குடம் பத்து ரூபாய்க்கு வாங்கித் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் ஊரில், ஒரு பையன் ஒரே வேளையில் இரண்டு குடம் தண்ணீரைக் கைகளில் மட்டும் ஊற்றிக்கொண்டு நின்றால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? முதலில் திமிர் என்று நினைத்தேன், திட்டினேன், ஒருநாள் அடித்தும்விட்டேன். விரலிடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்த பிறகும், அழுதுகொண்டே அவன் மறுபடி சோப்பை எடுத்ததைப் பார்த்தபோதுதான் இது வீம்பு இல்லை என்று எனக்கு உறைத்தது. ஓசிடி என்று சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோய் இது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

அரசு மருத்துவமனை ஒன்றுக்குக் குறிப்பிட்ட நாளில் வந்துபோகும் மனநல மருத்துவரிடம் காட்டினோம். நல்ல மனிதர்; வரிசையில் ஐம்பது அறுபது பேர் நின்றாலும் எரிந்து விழாதவர். மாத்திரையும் இலவசமாகவே கிடைத்தது. இதற்காக அரசுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். என் சிறுவயதில் இப்படி ஒரு வரிசையே எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் இரண்டாம் மாதமே அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இந்த நோய்க்கு மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும், மீதிக்கு, பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை உட்கார வேண்டும், அந்த அளவு நேரம் தமக்கு இல்லை.

மாவட்டத்துக்குள் விசாரித்தவரை, எங்களுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. மதுரையில் கிடைத்தார். இடையில் மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஆழ்மன சிகிச்சை' என்று ஒரு மணி நேரம் பையனைக் கண்ணை மூடிப் படுக்க வைத்து அனுப்பிய ஒருவரிடமும் போய்வந்தோம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது அந்த மூவாயிரத்துக்குப் பிறகு நாங்கள் கற்றது. பணம் கொடுத்தவர்களாவது இப்படிக் கற்றுக்கொள்கிறார்கள். கடன் வாங்கிக்கொண்டு போய் ஏமாறுகிறவர்கள் அடுத்த இடத்துக்குப் போவதே இல்லை.

மதுரையில் நாங்கள் கண்ட உளவியலாளர் அம்மையார், வாரம் ஒன்றாகப் பதினாறு அமர்வுகள் தேவைப்படும் என்றார். சிகிச்சை முறை கேட்பதற்கு எளிது. அருவருப்பு எனத் தோன்றும் ஒன்றைத் தொட வேண்டும்; தொட்ட பின் கை கழுவக் கூடாது; பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், தானாகவே இறங்கும்வரை கூடவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் நாள், எங்கள் செருப்பின் அடிப்பகுதியை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு நாற்பது நிமிடம் கையை மடியில் வைத்தபடி அவன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து பேருந்து நிலையத்தில், கையைக் கழுவாமலே ஒரு வடையை வாங்கித் தின்றான். சுகாதாரம் போதிப்பவர்கள் மன்னிக்கட்டும். அந்த வடையைப் போல எனக்கு நிறைவளித்த காட்சி அண்மையில் வேறில்லை.

இனி செலவு. ஓர் அமர்வுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். படித்த படிப்புக்கும் கொடுக்கும் நேரத்துக்கும் அது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். காலை ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்து முதுகுளத்தூர், அங்கிருந்து பரமக்குடி, அங்கிருந்து மதுரை என்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இரண்டு பேருக்குப் போகவர டிக்கெட், வெளிச்சாப்பாடு, அன்றைக்கு அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்ள நான் வைக்கும் பதிலாளின் கூலி எல்லாம் சேர்த்தால் மேலும் ஆயிரம். மாதம் நான்கு முறை என்றால் எட்டாயிரம். என் கைக்கு வரும் மாத வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி. மனைவி அழைத்துப்போனால் பதிலாள் கூலி மிச்சமாகும் என்று பார்த்தோம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். மதுரை வண்டியில் அது செல்லாது. ஏழு அமர்வுகளோடு நின்றுவிட்டோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 'கவுன்சிலிங்' என்றால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை என்றுதான் பொருள். பையனைக் கவுன்சிலிங்குக்கு மதுரைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னதும், எந்தக் கல்லூரி கிடைத்தது, எந்தப் பிரிவு என்று இரண்டு தெருவும் விசாரித்தது. நானும் திருத்தவில்லை. ஆக, கூச்சம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் அது எங்களைத் தடுத்து நிறுத்தவில்லை. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்றது. இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் உடனே விழிப்புணர்வின்மை, மூடநம்பிக்கை என்று மக்கள்மேல் பழி வந்துவிடுகிறது. அந்த எண்பத்தைந்தில், ஏழாவது அமர்வோடு பேருந்துக் காசுக்கு நின்றுபோனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மனநோய் தீர வேண்டி மக்கள் வந்து தங்கும் தர்கா உள்ள ஏர்வாடி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்குள்ள தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை எங்கள் தலைமுறை மறக்காது. அப்படியிருந்தும் உறவினர் பலர், ஏர்வாடியில் கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்க வை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். போகிறவர்களை நான் இகழ மாட்டேன். தர்காவோ கோயிலோ, அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்து தம் துன்பத்தைச் சொல்ல இடம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, கட்டணமும் கைக்கு எட்டுகிறது. மருத்துவம் அந்த இடத்தை எங்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை.

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 என்ற கட்டணமில்லா அரசு மனநல உதவி எண்ணைத் தமிழிலேயே பேசி நாங்களும் பயன்படுத்தியிருக்கிறோம். நள்ளிரவில் ஒரு மனிதக் குரல் கிடைப்பது சாதாரண உதவி இல்லை. ஆனால் நெருக்கடியில் கைகொடுப்பது வேறு, வாரந்தோறும் நடக்க வேண்டிய சிகிச்சை வேறு. எட்டாவது அமர்வை மதுரை அம்மையார் கைப்பேசிக் காணொலியிலேயே நடத்தித் தருவதாகச் சொல்லி, பாதிக் கட்டணம்தான் கேட்டார். எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்கும். சிக்னலோ கண்மாய்க் கரைக்குப் போனால்தான். கருவேல மர நிழலில், ஆடு மேய்ப்பவர்கள் வேடிக்கை பார்க்க, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தன் மனத்தில் வரும் எண்ணங்களைச் சொல்ல முயன்றான். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டான். பையனாவது கண்மாய்க் கரைவரை போக முடிந்தது. பிள்ளை பெற்று மூன்று மாதமான, மாமியாரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஒரு பெண் எங்கே போய்ப் பேசுவாள்?

சட்டம் என்னவோ தாராளமாகத்தான் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, கட்டுப்படியாகும் செலவில், நல்ல தரத்தில், போதிய அளவில், சென்றடையக்கூடிய தொலைவில் மனநலச் சேவை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. குறைந்தபட்சச் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அம்மாவட்டத்திலேயே உள்ள வேறு மனநல நிலையத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. 'அம்மாவட்டத்திலேயே' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரசிடமும் இல்லாமல், தனியாரிடமும் இல்லாமல் இருக்கும் மாவட்டத்துக்காரன் மதுரைக்குப் போனால், அந்தப் பிரிவின் எழுத்துப்படி அவனுக்கு ஒன்றுமில்லை.

காப்பீடும் இப்படித்தான். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுவதை நம்பி, என் குடும்பக் காப்பீட்டுக்கு உரிய படிவத்தை வாங்கினேன். அனுமதிக்கப்பட்ட நாள், வீடு திரும்பிய நாள் என்று இரண்டு கட்டங்கள். ஒருநாளும் படுக்கையில் சேராமல் நாற்காலியில் உட்கார்ந்து பெற்ற சிகிச்சைக்கு அந்தக் கட்டங்களில் எதை எழுதுவது? பாகுபாடு இல்லைதான், வெளிநோயாளியாகக் காய்ச்சலுக்குப் பார்த்தாலும் பணம் வராது. ஆனால் காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். உளவியல் சிகிச்சை என்பதே வெளிநோயாளிச் சிகிச்சை. அதைப் படுக்கையோடு கட்டிப்போட்ட காப்பீடு, கொடுப்பதுபோலக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதாகும்.

ஆகவே அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் எதையும் இல்லை. திருச்சியில் 1997இல் தொடங்கி இன்று மாநிலம் முழுவதும் நடக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளருக்கும் இடமுண்டு. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவை விட்டு, ஒவ்வொரு வட்டார அரசு மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையில், அதே உளவியலாளர் உட்காரும்படி செய்ய வேண்டும். 'அதே' என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் புதியவரிடம் முதலிலிருந்து கதை சொல்லும் நோயாளி, மூன்றாம் முறை வரமாட்டான். ஆள் கிடைக்கும்வரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவுபெற்ற உளவியலாளரிடம் பெறும் அமர்வுகளையும், எத்தனை என்று வரம்பு வைத்தாவது, மாவட்ட எல்லையைப் பார்க்காமல் சேர்க்கலாம்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு அடுத்த ஊர் உதாரணமே உண்டு. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தையே அனுப்பி, அதற்குள் உட்கார்ந்தபடி சென்னையிலுள்ள மனநல மருத்துவரோடு காணொலியில் பேசவும், மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தது. கண்மாய்க் கரையில் என் மகனுக்குக் கிடைக்காதது அந்தப் பேருந்துக்குள் இருந்த நான்கு சுவர்தான். கோவாவில், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். அதில் பலன் இருந்ததை 2017இல் ஆய்வாகவும் வெளியிட்டார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். யார் வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். என் மகனுடைய நோய்க்குத் தேர்ந்த உளவியலாளரே வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் மனச்சோர்வில் கிடக்கும் பலருக்கு இந்தப் பெண்களே, முறையான பயிற்சியும் அதற்கென்று தனி ஊதியமும் கொடுத்தால், முதல் துணையாக இருக்க முடியும். ஊதியம் இல்லாமல் இதையும் அவர்கள் தலையில் கட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

என் மகன் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் கை கழுவிய நேரத்தை எழுதி வருகிறான். அந்த அம்மையார் சொன்ன பழக்கம். தொடங்கியபோது ஒரு நாளுக்கு 140 நிமிடம். ஏழாவது அமர்வு முடிந்த வாரம் 35. கடந்த வாரம் 60. ஒன்பது அமர்வுகள் பாக்கி இருக்கின்றன. சித்திரையில் மிளகாய் வற்றல் விற்ற பணம் வந்தால் நான்கு முறை போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

மகனின் நலன் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை அஞ்சலக போஸ்ட்மாஸ்டர் ஒருவர்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.